கோட்டானுக்குக் கீழே எத்திராஜ முதலியார்

நடு நாற்காலிக்காரர் என்று ஒரு ரகம் உண்டு. போட்டோப் பெட்டியை எங்கே கண்டாலும் அதற்கு எதிரே போய் நிற்பார். நாற்காலி போட்டிருந்தால் நடு நாற்காலியில் உட்காருவார். நாற்காலி இல்லாவிட்டால் அவர் நிற்கிற இடம்தான் நடு. கல்யாணப் படமா, மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் இடையில் பின்னாலிருந்து ஒரு தலைப்பாகை எழும்பியிருக்கும். பள்ளிக்கூடத் திறப்பு விழாவா, பிள்ளைகள் தரையில், வாத்தியார்கள் ஓரத்தில், நடுவில் அவர். அவருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் என்ன சம்பந்தம்? மூன்றாம் வகுப்போடு அறுந்துபோன சம்பந்தம்தான். தாசில்தார் மாற்றலாகிப் போனபோது எடுத்த படத்தைப் பார்த்தால், மாற்றலாகிப் போனவர் யார் என்று பின்னால் வருகிறவர்கள் சண்டை போட்டுக்கொள்வார்கள். உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் இருப்பார். இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். சொன்னால் எனக்கு வேறு சந்தேகம் வரும்.

வெள்ளைக்காரன் காலத்தில், அம்பத்தூர் ஏரியை ஒட்டிய கள்ளிக்குப்பத்தில், எத்திராஜ முதலியார் என்று ஒருவர் இருந்தார். நஞ்சை, புஞ்சை, ஏரிக்கரையில் ஒரு மாந்தோப்பு என்று வசதியான மனிதர். நல்லவரும்கூட. யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் வாழை இலையும் காய்கறியும் வண்டியில் ஏற்றி அனுப்புவார். பிறகு தானும் போவார், போட்டோ எடுக்கிற நேரம் பார்த்து.

அவரிடம் ஒரு வித்தை இருந்தது. அந்தக் காலத்துப் போட்டோ ஒரு சொடுக்கில் முடிகிற காரியம் இல்லை. போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, வெளியே எடுத்து, மறுபடி விட்டு, மறுபடி எடுத்து, “அசையாதீங்க” என்று அதட்டி, “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று உரக்கச் சொல்லி, மூணு என்னும்போது லென்ஸ் மூடியைக் கழற்றுவார். அந்த நேரம் பார்த்துப் பாதிப் பேர் கண் கொட்டிவிடுவார்கள். முதலியார் கொட்டமாட்டார். எப்படி? “அசையாதீங்க” என்றதுமே கண்ணை இறுக மூடிக்கொள்வார். “மூணு” காதில் விழுந்ததும் படக்கென்று திறப்பார். பூந்தமல்லியிலிருந்து ஆவடி வரைக்கும் எந்த வீட்டுச் சுவரில் எந்தப் படத்தைப் பார்த்தாலும் மற்றவர்கள் தூங்கி வழிவார்கள், அவர் மட்டும் அகலக் கண் விழித்து நம்மை அதட்டுவார். இந்த வித்தையை அவர் பெண்டாட்டிக்குக்கூடச் சொன்னதில்லை.

இந்தப் படங்களையெல்லாம் எடுத்த பாவம் தேவராஜைச் சேரும். பூந்தமல்லி கடைத்தெருவில் ஒரு கொட்டகை, பின்னால் மலையும் அருவியும் எழுதிய படுதா, முன்னால் கை உடைந்த சிங்கார நாற்காலி, இவ்வளவுதான் அவருடைய ஸ்டூடியோ. கல்யாணம் கிடைத்தால் கல்யாணம், இல்லாவிட்டால் சாவு. செத்தவரை நாற்காலியில் சாய்த்து, மாலை போட்டு, குடும்பம் சுற்றி நின்று படம் எடுத்துக்கொள்வது அப்போதைய வழக்கம். மூடின கண் மனசுக்குச் சங்கடமாக இருக்கிறது என்று வீட்டார் சொன்னால், படத்தின்மேல் பென்சிலும் மையும் வைத்துத் திறந்த கண் எழுதிக் கொடுப்பதும் தேவராஜின் வேலைதான். தலை நரைக்கும் வரைக்கும் இதையே செய்தவருக்கு ஓர் ஆசை மிச்சம் இருந்தது. ‘நிமிர்ந்து உட்காரு’ என்று யாரும் சொல்லாத ஓர் உயிரை, அது இருக்கிறபடியே எடுக்க வேண்டும். அதைப் பட்டணத்து வாரப் பத்திரிகையில் முழுப் பக்கத்தில் போட வேண்டும். கீழே, பொடி எழுத்தானாலும் சரி, ‘படம்: தேவராஜ்’ என்று வர வேண்டும். கல்யாண வீட்டில் படத்துக்குக் கீழே பேர் போடுகிற வழக்கம் கிடையாது. சாவு வீட்டில் போடுவார்கள், ஆனால் அது செத்தவர் பேர்.

ஒரு நாள் அவர் கல்யாணப் படம் ஒன்றைக் கொடுக்க முதலியார் வீட்டுக்கு வந்தார். வாசலில் முதலியாரின் சம்சாரம் பொன்னம்மாள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள்.

“அந்தச் சனியனைத் தொரத்தறீங்களா இல்லியா? சாயங்காலம் ஆனா தோப்புல குந்திகினு பூம் பூம்னு முனகுது. யார் ஊட்டுக்கு எழவு வெக்கப் போவுதோ.”

என்ன சனியன் என்று பார்க்கத் தேவராஜ் தோப்புக்குள் போனார். போனவர் படம் கொடுக்க வந்ததையே மறந்துவிட்டார். ஏரிப் பக்கத்து மாமரத்தில், தாழ்ந்த கிளையில், அடிமரத்தை ஒட்டினாற்போல் கோட்டான் ஒன்று உட்கார்ந்திருந்தது. வீட்டுக் கூரையில் வந்து கிரீச்சிடுகிற சின்ன ஆந்தை இல்லை. முழங்கால் உயரம் இருக்கும். தலையில் கொம்பு மாதிரி இரண்டு கொத்து இறகு, மார்பில் கோடு கோடாக மரப்பட்டை நிறம், தொண்டையில் வெள்ளைத் திட்டு. மரத்தடியில் நண்டு ஓடும் மீன் முள்ளுமாகச் சிதறிக் கிடந்தன. அவர் காலடி கேட்டு அது ஒரு கண்ணைத் திறந்தது. நல்ல பொன் மஞ்சள். தேவராஜுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. தன் ஆயுசில் தன்னை யாரும் இப்படிப் பார்த்ததே இல்லை என்று அவருக்குத் தோன்றிற்று. வந்தவர்களெல்லாம் லென்ஸைத்தானே பார்த்தார்கள்.

ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தார்.

“மொதலியாரே, அந்தக் கோட்டானைத் தொரத்திடாதீங்க. நான் படம் எடுத்துக்கறேன். பட்டணத்துல ஒரு பத்திரிகைக்காரங்க நல்ல படம் வந்தா முழுப் பக்கம் போடறோம்னு சொல்லிக் கீறாங்க.”

முதலியார் காதில் கோட்டான் விழவில்லை, முழுப் பக்கம் விழுந்தது.

“தோப்பு யாருதுப்பா?”

“உங்களுதுதான்.”

“மரம்?”

“அதுவும் உங்களுதுதான்.”

“அப்போ கோட்டான் யாருது?”

அன்று முதல் அது ‘நம்ம கோட்டான்’ ஆயிற்று. அதைப் பற்றி இனிமேல் வாயைத் திறக்கக்கூடாது என்று பொன்னம்மாளுக்கும் உத்தரவு ஆயிற்று.

காட்டுப் பறவையைப் படம் எடுப்பது சம்பந்திகளைப் படம் எடுப்பதைவிடச் சுலபம் என்று தேவராஜ் பிறகு சொல்வதுண்டு. பொறுமை வேண்டும், ஆனால் யாரையும் சமாதானப்படுத்த வேண்டியதில்லை. தென்னங்கீற்றில் ஓர் ஆள் குந்துகிற அளவுக்கு ஒரு குடில் கட்டி மரத்துக்குத் தூரத்தில் வைத்தார். கோட்டான் அதை முறைத்தது. முறைத்துச் சலிக்கட்டும் என்று விட்டார். சலித்ததும் குடிலைக் கொஞ்சம் கிட்டே நகர்த்தினார். அது மறுபடி முறைத்தது. இவர் மறுபடி விட்டார். இப்படியே நகர்ந்து நகர்ந்து, பூந்தமல்லியில் கல்யாண வீட்டார் ஆள் மேல் ஆள் அனுப்பித் தேடிக்கொண்டிருக்க, போட்டோக்காரர் கள்ளிக்குப்பத்து மாந்தோப்பில் எறும்பு கடிக்கக் கடிக்க ஓலைக்குள் உட்கார்ந்திருந்தார்.

அவர் கண்ட காட்சிகள் கொஞ்சமா? நடுப்பகலில் காக்காய்கள் கூடி அதைச் சுற்றிக் கூச்சல் போடும்; அது ஊமைக் கோட்டான் என்ற பேருக்கு ஏற்றபடி வாயே திறக்காது. வெயில் தாழ்ந்ததும் ஒரு காலையும் ஒரு சிறகையும் சேர்த்து நீட்டிச் சோம்பல் முறிக்கும். உடம்பை உப்பி ஒரு உதறு உதறும். பிறகு தலையை மெதுவாகத் திருப்பி, முதுகுப் பக்கம் வரைக்கும் கொண்டுபோய், ஏரியில் மீன் இருக்கிறதா என்று பார்க்கும். புல்லுக்கட்டு சுமந்து பெண்கள் மரத்தடியிலேயே போவார்கள். அவர்களை அது லட்சியம் செய்யாது. ஆனால் யாராவது நின்று அண்ணாந்து பார்த்தார்களோ, உடனே உடம்பை ஒடுக்கிக் கொம்பை விறைத்துக்கொள்ளும், இன்னும் பார்த்தால் பறந்துவிடும். தன்னைப் பார்க்கிறவர்களிடம் மட்டும்தான் அதற்குப் பயம். இதெல்லாம் தேவராஜுக்கு மனப்பாடம் ஆயிற்று. ஏரிக்கு மேல் சாய்ந்த வெயில் அந்தக் கிளைக்கு அடியில் பாய்கிற கொஞ்ச நேரம்தான் படத்துக்கு வெளிச்சம் என்பதும் தெரிந்தது. ஒரு சாயங்காலம் காமிராவைக் குடிலுக்குள் கொண்டுபோய் முக்காலியில் ஏற்றினார்.

அன்றைக்குத்தான் முதலியார் வந்தார்.

எப்படி வந்தார் தெரியுமா? சரிகைத் தலைப்பாகை, கறுப்புக் கோட்டு, மடிப்புக் கலையாத அங்கவஸ்திரம், ஆட்காட்டி விரலில் சிவப்புக்கல் மோதிரம். பின்னால் பாதி ஊர். கோட்டானைப் பார்க்க இத்தனை அலங்காரம் எதற்கு என்று தேவராஜ் ஒரு கணம் திகைத்தார். மறுகணம் விஷயம் புரிந்தது.

“கோட்டானை மட்டும் எடுக்கலாம்னு இருந்தேன், மொதலியாரே.”

“மட்டும் எடுத்தா அது எங்க கீதுன்னு எவனுக்குத் தெரியும்? மரமும் அதுவும் ஒரே நிறம். நான் கீழே நின்னு கையைக் காட்டினா பாக்கறவனுக்குப் பளிச்சுனு தெரியுமில்ல?”

“தேடிப் பாத்துக்குவாங்க.”

“தேவராஜு, நான் சொல்றத்தைக் கேளு. நான் பக்கத்துல நின்னா அது எத்திராஜ முதலியார் தோப்புக் கோட்டான். நான் இல்லேன்னா வெறும் ஆந்தை. வெறும் ஆந்தையை எவன் முழுப் பக்கம் போடுவான்?”

தோப்பு அவருடையது. வேண்டாம் என்றால் குடிலைப் பிரி என்பார். எறும்புக்கடி மட்டும்தான் மிஞ்சும். தவிர, யோசித்துப் பார்த்ததில் தேவராஜுக்கு ஒரு தைரியமும் வந்தது. தன்னைப் பார்க்கிறவர்களிடம்தானே கோட்டானுக்குப் பயம்? முதலியார் அதைப் பார்க்கவே போவதில்லை, காமிராவைத்தான் பார்க்கப் போகிறார். ஓரமாக நிற்கச் சொல்லலாம் என்று பார்த்தார். ஓரம் என்ற வார்த்தை முதலியாருக்குப் புரியாது. கடைசியில், கோட்டானை ஒரு பாதியிலும் அவரை ஒரு பாதியிலுமாக அமைத்துக்கொண்டார்.

முதலியார் கிளைக்குக் கீழே போய், முதுகைக் கோட்டானுக்குக் காட்டி நின்று, கையைத் தோளுக்கு மேல் தூக்கி, மோதிரம் போட்ட விரலை மேலே நீட்டினார். வேலிக்கு வெளியே நின்ற ஜனங்களிடம் அடிக்குரலில் உத்தரவு போட்டார்.

“எவனும் மூச்சு விடக்கூடாது. தேவராஜு, உனக்குந்தான். நீ ஒண்ணு ரெண்டுன்னு கத்தி வெச்சியோ, அது பறந்துபூடும்.”

சொன்னது யார்? அவரேதான். பிறகு வழக்கம்போல் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

கண்ணாடிப் பிளேட்டைச் செருகிவிட்டு, லென்ஸ் மூடியில் கை வைத்தபடி தேவராஜ் காத்திருந்தார். வெயில் மெல்ல இறங்கிக் கிளைக்கு அடியில் புகுந்தது. கோட்டான் காலையும் சிறகையும் நீட்டிச் சோம்பல் முறித்தது. உதறிற்று. தலையைத் திருப்பி ஏரியைப் பார்த்தது, வேலியைப் பார்த்தது, பிறகு நேராகக் குடிலின் ஓலை இடுக்கைப் பார்த்தது. இரண்டு கண்ணும் முழுசாகத் திறந்து, ஓர் இறகுகூட அசையாமல், இத்தனை நாளும் உள்ளே குந்தியிருந்தவன் நீதானா என்று கேட்கிறாற்போல் பார்த்தது. தேவராஜின் கை தானாக மூடியைக் கழற்றிற்று. மனசுக்குள் எண்ணினார். மறுபடி மூடினார். அவ்வளவுதான். ஆயுசுக்கும் ஒரு படம் எடுத்தாயிற்று என்று தெரிந்ததும் அந்த மனிதருக்கு ஓலைக் குடிலுக்குள் கண்ணீர் வந்துவிட்டது, சந்தோஷத்தில்.

வெளியே முதலியார் நின்றுகொண்டிருந்தார். நின்றார், நின்றார், கை மரத்துப்போகிற வரைக்கும் நின்றார். பிறகு கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

“இன்னாப்பா, எப்பத்தான் மூணு சொல்லப் போறே?”

பெரிய சிறகு ஒன்று விரிந்தது. சத்தமே இல்லை. முதலியார் திரும்பிப் பார்த்தபோது கிளை மட்டும் இருந்தது. கோட்டான் அன்றைக்குப் போனதுதான். திருநின்றவூர் ஏரிப் பக்கம் பார்த்ததாக யாரோ சொன்னார்கள், கள்ளிக்குப்பத்துக்கு அது திரும்பவே இல்லை.

“எம்மாம் பெரிசு இருந்துச்சு?” என்று கேட்டார் அதன் சொந்தக்காரர்.

படம் கழுவி வந்தது. என்ன சொல்ல? கோட்டானின் ஒவ்வொரு இறகும் எண்ணலாம்போல் விழுந்திருந்தது. கண்ணில் ஏரி வெயில் இரண்டு புள்ளியாக மின்னிற்று. அதற்குக் கீழே, சரிகைத் தலைப்பாகையும் கோட்டுமாக, கண் இறுக மூடி, வாய் லேசாக இறங்கி, எத்திராஜ முதலியார். பொன்னம்மாள் எட்டிப் பார்த்தாள். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள்.

“இன்னாங்க இது? மேல கோட்டான், கீழ நீங்க இப்படி. மாலை ஒண்ணுதான் பாக்கி.”

முதலியாருக்கு முகம் செத்துவிட்டது. அந்தப் பக்கத்தில் கண் மூடிய படம் எந்த வீட்டில் தொங்கும், எதற்குத் தொங்கும் என்று யாருக்குத்தான் தெரியாது? தேவராஜுக்குத் தொழில் தெரியும். “பயப்படாதீங்க, கண்ணு எழுதிடலாம்” என்று பிரதி ஒன்றை எடுத்துப் போய்ப் பென்சிலும் மையுமாக உட்கார்ந்தார். ஆனால் பாருங்கள், பல நாளாக ராவும் பகலும் மனசில் நின்றது ஒரே ஒரு ஜோடிக் கண். கையும் அதையே எழுதிவிட்டது. கொண்டுவந்து காட்டியபோது பொன்னம்மாள் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“இப்ப ரெண்டு கோட்டான் கீது” என்றாள்.

முதலியார் எழுந்துவிட்டார். படத்தோடு கொண்டுவந்திருந்த அசல் கண்ணாடிப் பிளேட்டைத் தேவராஜின் கையிலிருந்து வாங்கினார். கொல்லையில் துணி துவைக்கிற கல்லை நோக்கி நடந்தார். தேவராஜ் பின்னாலேயே ஓடினார்.

“வேணாம் மொதலியாரே. அது ஒண்ணுதான் கீது. கோட்டான் போயிடுச்சு, இன்னொண்ணு எடுக்க முடியாது. உங்க காலைப் பிடிக்கறேன்.”

“படம் சரியா உழலைப்பா. கெட்டுப்போன படத்தை வெச்சுகினு இன்னா பண்ணப் போறே?”

உலகத்திலேயே அருமையான கோட்டான் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மனிதர் சொன்ன வார்த்தை இது. பிளேட்டைக் கல்லுக்கு மேல் ஓங்கினார். தேவராஜ் கண்ணை மூடிக்கொண்டார்.

“ஒடைங்க, ஒடைங்க” என்றாள் பின்னாலிருந்து பொன்னம்மாள். “கோட்டானுக்குக் கீழே செத்தாப்பல நின்னாச்சு. இப்ப உங்க மூஞ்சியை நீங்களே கல்லுல போட்டு ஒடைங்க. சகுனம் ரொம்ப நல்லாருக்கும்.”

ஓங்கிய கை அப்படியே நின்றது. உடைத்தால் ஆபத்து, வைத்தாலும் ஆபத்து. அந்தச் சமயம் பார்த்துத் தேவராஜ் மெதுவாகப் பிளேட்டை வாங்கிக்கொண்டார். மூச்சு வந்ததும் சொன்னார்.

“இத்தை ஒடைக்கவே வேணாம். பிரதி போடறப்ப உங்க பக்கத்தை மறைச்சுட்டுப் போடலாம். கோட்டான் மட்டும் வரும்.”

இதைக் கேட்டு முதலியாருக்கு நிம்மதி வந்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? செத்தவர்போல் விழுந்ததையாவது பொறுத்திருப்பார், இதைப் பொறுக்கவில்லை.

“என்னை மறைக்கறதா? அப்போ படத்துல நான் எங்கே?”

பிணமாக இருப்பதா, இல்லாமலே போவதா? சாப்பாடு ஆறிப்போகிற வரைக்கும் முதலியார் யோசித்தார். தேவராஜ் பிளேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார். கடைசியில் சோறு பரிமாற வேண்டிய அவசரத்தில் பொன்னம்மாள்தான் வழக்கை முடித்தாள்.

“மூஞ்சியை மறைச்சுட்டு வெரலை வுட்டுடச் சொல்லுங்க. வெரலுக்குக் கண்ணா கீது மூடறதுக்கு?”

முதலியார் படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். மோதிரத்தின் கல் தெரிகிறதா என்று பார்த்தார். தெரிந்தது.

பத்திரிகையில் படம் முழுப் பக்கம் வந்தது. நட்ட நடுவில் கோட்டான், பார்க்கிறவரை உறைய வைக்கிற கண்ணோடு. கீழ் மூலையில், எங்கிருந்தோ முளைத்து வந்த ஒற்றை விரல். முதலியார் ரயிலேறிப் பட்டணம் போய், கிடைத்த பிரதியையெல்லாம் வாங்கி வந்தார். அதற்கப்புறம் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அக்குளில் அந்தப் பத்திரிகை இருந்தது. “கோட்டான் கெடக்கட்டும், இந்த வெரலு யாருது தெரியுமா?” என்று கேட்டு, படத்துக்குப் பக்கத்தில் தன் விரலை வைத்து, கல்லும் கல்லும் ஒத்துப்போவதைக் காட்டி, சந்தேகப்பட்டவர்களை வெளிச்சத்துக்கு இழுத்துக்கொண்டு போய்க் காட்டி, சாகும்வரை சந்தோஷமாக இருந்தார்.

தேவராஜ்? அவரும் பூந்தமல்லியில் ஒரு பிரதி வாங்கினார். கடைக்காரர் முன்னாலேயே பக்கத்தைப் புரட்டினார். அடியில் இருந்த பொடி எழுத்தைத் தேடினார். ‘படம்: தேவராஜ்’. ஒரு தரம் படித்தார், இன்னொரு தரம் படித்தார், ஸ்டூடியோவுக்குப் போய்ப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார், வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டினார். அந்தப் பக்கத்தில் கோட்டான் என்று ஒன்று இருப்பது சாயங்காலம்தான் அவர் நினைவுக்கு வந்தது. வெட்கமாகத்தான் இருந்தது அவருக்கு. இருந்தாலும் இன்னொரு தரம் பேரைப் படித்துவிட்டுத்தான் பத்திரிகையை மூடினார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அடுத்த தடவை யாராவது உங்கள் கையில் கல்யாண வீட்டுப் படம் ஒன்றைக் கொடுக்கும்போது கொஞ்சம் கவனியுங்கள். மணப்பெண் இருப்பாள், மாப்பிள்ளை இருப்பான், எத்தனையோ வருஷம் கழித்துப் பார்க்கிற சொந்தபந்தமெல்லாம் இருக்கும். உங்கள் கண் முதலில் யாரைத் தேடுகிறது? எல்லோரும் நன்றாக விழுந்து, உங்கள் கண் மட்டும் மூடியிருந்தால், “போட்டோ சரியா விழலியே” என்று சொல்கிற குரல் யாருடையது? அது போகட்டும், பக்கத்தில் இருப்பவரிடம் அந்தப் படத்தைக் காட்டும்போது உங்கள் விரல் எங்கே போய் நிற்கிறது என்றாவது பாருங்கள். அதில் சிவப்புக்கல் மோதிரம் இல்லாமல் இருக்கலாம். அவ்வளவுதான் வித்தியாசம்.